கறுப்புத் திரை: ஒரு கொமடோர் 64-இன் நாட்குறிப்பு

2 மார்ச் 2025, ஞாயிறு

பெட்டி வந்து சேர்ந்துவிட்டது. பரணைக் காலி செய்த ஒருவர் கொடுத்தார். "ஓடுதா இல்லையான்னு தெரியாதும்மா, பிளக்ல போட்டே பாக்கல" என்றார். பழைய கம்ப்யூட்டர் சேர்க்கிறவர்கள் காதில் தேன் பாய்கிற வார்த்தை இது. "இப்பத்தான் போட்டுப் பார்த்தேன், லைட் எரிஞ்சுது" என்று சொன்னால்தான் எனக்கு வயிற்றைக் கலக்கும்.

கொமடோர் 64 என்ற வீட்டுக் கம்ப்யூட்டர். 1982 ஆகஸ்டில் விற்பனைக்கு வந்த மாடலின் முதல் உருவம். ரொட்டி டப்பா என்று செல்லப் பெயர். உருண்ட தோள், மண் நிற உடம்பு, கறுப்போ என்று தோன்றும் அடர் பழுப்புக் கீகள். இதுவரை மூன்று பழைய மெஷின்களை எழுப்பியிருக்கிறேன். 64 கைக்கு வருவது இதுதான் முதல் தடவை. கூடவே ஒரு பவர் சப்ளை, டேட்டாசெட் என்ற டேப் பிளேயர், லேபிள் உரிந்த இரண்டு கேசட்.

இன்றைக்கு ஸ்விட்ச் போடக் கூடாது. கை குறுகுறுக்கிறது. அதனால் பெட்டியை அலமாரி மேல் வைத்துவிட்டு ஸ்டூலை வேறு அறைக்குக் கொண்டுபோய்விட்டேன்.

3 மார்ச், திங்கள்

முதலில் பவர் சப்ளை. கறுப்புச் செங்கல் போல ஒன்று, எடையும் கிட்டத்தட்ட அப்படித்தான். உள்ளே எபாக்ஸி ஊற்றி நிரப்பியிருப்பதால் திறந்து பழுது பார்க்க முடியாது, சூடும் வெளியேற வழியில்லை. அதிலிருந்து இரண்டு வகை மின்சாரம் வருகிறது: 5 வோல்ட் டிசி, 9 வோல்ட் ஏசி. 9 வோல்ட் பக்கம் பெரும்பாலும் வம்பு பண்ணாது. 5 வோல்ட்டைக் கட்டுக்குள் வைக்கிற ரெகுலேட்டர்தான் வில்லன். வயதாகி அது போகும்போது பல்பு மாதிரி சத்தமில்லாமல் அணைவதில்லை. வோல்ட்டேஜ் ஏறும். தான் சாகும்போது மெமரி சிப்களையும் கூட்டிக்கொண்டு போகும்.

மெஷினில் சொருகாமல், பிளக்கின் ஊசிகளில் மல்டிமீட்டரை வைத்தேன். 5 இருக்கவேண்டிய இடத்தில் 6.3.

நேற்று ஆசைப்பட்டு ஸ்விட்ச் போட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று யோசித்தபடியே காகிதத்தில் "தொடாதே" என்று எழுதி அதன் மேல் ஒட்டினேன். எனக்கு முன்னால் யாராவது போட்டுப் பார்த்திருந்தால் பாதிப்பு ஏற்கெனவே நடந்து முடிந்திருக்கும்.

எல்லாம் அசலாகவே இருக்கவேண்டும் என்று பிடிவாதம் பிடிப்பவர்கள் உண்டு. கீபோர்டு, போர்டு, பெட்டி என்றால் நானும் அந்தக் கட்சிதான். பவர் சப்ளை விஷயத்தில் மட்டும் அந்தப் பேச்சை நான் கேட்பதில்லை.

8 மார்ச், சனி

புதிய பவர் சப்ளை வந்தது. அளந்தேன், 5.1. சொருகி ஸ்விட்சைத் தட்டினேன். சிவப்பு விளக்கு எரிந்தது. திரை கறுப்பு. நீல ஓரமும் இல்லை, எழுத்தும் இல்லை. பத்து எண்ணிவிட்டு அணைத்தேன்.

சரி, பிரித்துப் பார்க்கவேண்டியதுதான். அடியில் மூன்று திருகுதான். கழற்றினால் மேல் பாதி கீபோர்டோடு சேர்ந்து நிமிரும். உள்ளே தூசி, காய்ந்த பூச்சி ஒன்று, எப்படி வந்ததென்று புரியாத ஒரு ஸ்டேப்ளர் பின். பிரஷ்ஷால் தட்டியதும் போர்டு வெளிச்சத்துக்கு வந்தது. சுமார் 1 மெகாஹெர்ட்ஸில் ஓடும் 6510 பிராசஸர், படத்துக்கு விக்-2, ஒலிக்கு பாப் யானெஸ் வடிவமைத்த 6581. அந்த ஒலி சிப்பை வைத்து இன்றைக்கும் புதுப் பாட்டுப் போடுகிறவர்கள் இருக்கிறார்கள். அது மட்டும் பிழைத்திருக்கவேண்டுமே என்று மனசு அடித்துக்கொண்டது.

போர்டின் ஒரு மூலையில் வரிசையாக எட்டு மெமரி சிப். ஒவ்வொன்றும் ஒரு பைட்டில் ஒரே ஒரு பிட்டைத்தான் வைத்திருக்கும். எட்டுப் பேர் சேர்ந்து தூக்குகிற பல்லக்கு மாதிரி. ஒருத்தர் தோளை விலக்கினாலும் உள்ளே இருப்பவர் கீழே. ஒரு நிமிடம் கரண்ட் கொடுத்துவிட்டு ஒவ்வொன்றாக விரலை வைத்துப் பார்த்தேன். எந்த சிப் எப்போது பேசவேண்டும் என்று தீர்மானிக்கிற பிஎல்ஏ சிப் சுட்டது. அது நல்ல உடம்போடு இருக்கும்போதும் அப்படித்தான். ஏழு மெமரி சிப்கள் லேசான வெதுவெதுப்பு. ஒன்று மட்டும் விரலை வைக்கவிடவில்லை.

9 மார்ச், ஞாயிறு

விரல் சொன்னதை மட்டும் நம்பி ஈயத்தை உருக்கக் கூடாது. டெட் டெஸ்ட் என்று ஒரு கார்ட்ரிட்ஜ் இருக்கிறது. கம்ப்யூட்டரின் சொந்த ரோமை, அதாவது அழியாமல் பதிந்த மெமரியை, தள்ளிவைத்துவிட்டுத் தானே பொறுப்பேற்று மற்ற மெமரியைச் சோதிக்கும். கோளாறு இருந்தால் திரை வெட்டி வெட்டி அணையும். எத்தனை வெட்டு என்பதை வைத்து எந்த சிப் என்று சொல்லிவிடலாம்.

ஸ்விட்ச் போட்டேன். கொஞ்ச நேரம் கறுப்பு. பிறகு வெள்ளை, கறுப்பு, வெள்ளை, கறுப்பு. ஐந்து வெட்டு, இடைவெளி, மறுபடி ஐந்து. பட்டியலைப் பார்த்தால் நேற்று விரலைச் சுட்ட அதே சிப்.

இன்றைக்கு இது போதும். பிழை எங்கே என்று தெரிந்த ராத்திரியின் தூக்கமே தனி.

12 மார்ச், புதன்

வேலை முடிந்து வந்த அலுப்போடு சால்டரிங் அயர்னைக் கையில் எடுத்தேன். எடுத்திருக்கக் கூடாது.

முறையெல்லாம் சரியாகத்தான் செய்தேன். செத்த சிப்தானே, காப்பாற்றவேண்டிய அவசியம் இல்லை. பதினாறு கால்களையும் கட்டரால் நறுக்கி உடம்பை எடுத்துவிட்டு, ஒவ்வொரு காலாகச் சூடாக்கி உருவவேண்டும். பதினோரு கால் வெண்ணெயில் கத்தி போல வந்தது. பன்னிரண்டாவது, கிரவுண்டு என்கிற பொது மின்இணைப்பின் அகலமான தடத்தில் நிற்கிற கால். அந்தச் செம்பு சூட்டையெல்லாம் இழுத்துக்கொள்ளும், ஈயம் உருகவே உருகாது. பழைய ஈயத்தின் மேல் கொஞ்சம் புது ஈயம் வைத்துப் பொறுமையாகக் காத்திருந்தால் வந்திருக்கும். நான் இடுக்கியால் இழுத்தேன். காலோடு துளையைச் சுற்றியிருந்த செம்பு வளையமும் உரிந்து வந்துவிட்டது.

நாற்பது வருஷத்துக்கு மேல் பத்திரமாக இருந்த போர்டு. என் அவசரம் பத்து நொடி. அயர்னை அணைத்துவிட்டுப் படுத்துவிட்டேன். இதற்கு மேல் எழுதப் பிடிக்கவில்லை.

15 மார்ச், சனி

காலையில், தலை தெளிவாக இருக்கும்போது. மீதி நான்கு கால்களையும் எடுத்தேன். ஈயம் உறிஞ்சியால் துளைகளைச் சுத்தம் செய்து, சிப்பை நேராக வைக்காமல் பதினாறு கால் சாக்கெட் ஒன்றை வைத்தேன். அடுத்த தடவை எது போனாலும் அயர்னே தேவைப்படாது. உரிந்த இடத்தில் தடம் எங்கே போகிறது என்று லென்ஸ் வைத்துப் பார்த்து, பக்கத்துச் சிப்பின் அதே காலுக்கு ஒரு மெல்லிய கம்பியை இழுத்தேன். மல்டிமீட்டர் பீப் என்றது. சாக்கெட்டில் புது 4164 சிப்பை அழுத்தினேன்.

கார்ட்ரிட்ஜ் இல்லாமல் ஸ்விட்ச்.

ஒன்று, இரண்டு, மூன்று நொடி. இளநீல ஓரம், அடர்நீல நடு, மேலே இரண்டு வரி, ரெடி என்ற சொல், கீழே கண் சிமிட்டும் கர்சர். நானும் பதிலுக்குக் கண் சிமிட்டினேன், வேறு யாரும் அறையில் இல்லை.

"38911 பேசிக் பைட்ஸ் ஃப்ரீ" என்று திரை சொல்கிறது. 64 கேபி என்று பெயரிலேயே இருக்கிறதே, மீதி எங்கே என்று எல்லோருக்கும் ஒரு தடவையாவது தோன்றும். பேசிக் என்ற மொழியில் நாம் எழுதும் புரோகிராமுக்கான இடம் 2049-ஆம் முகவரியில் தொடங்கி 40960-க்கு முன்னால் முடிகிறது. கழித்துப் பாருங்கள், 38911. அதற்கு மேலே இருக்கும் ராம் (எழுதி அழிக்கிற மெமரி) அப்படியே இருந்தாலும், அதன் மேல் பேசிக் மொழியின் ரோம் போர்வை மாதிரி கிடக்கிறது. ஸ்விட்ச் போட்டதும் மெஷின் மெமரியைக் கீழிருந்து தொட்டுப் பார்த்துக்கொண்டே வரும். பழுதான இடம் வந்தால் அங்கேயே நின்றுவிடும், இந்த எண்ணும் குறைந்துவிடும். 38911 முழுசாக வந்தது ஒரு நற்சான்றிதழ்.

23 மார்ச், ஞாயிறு

கீபோர்டு. சின்னச் சின்னத் திருகுகள், எண்ணிக்கை விட்டுப்போனது. ஷிப்ட் லாக் கீக்கு மட்டும் இரண்டு ஒயர் ஈயம் வைத்திருக்கிறது, அதை எடுத்தால்தான் பின்தட்டு கழறும். உள்ளே கரி பூசிய ரப்பர் முனைகள். அவற்றையும் எதிரே இருக்கிற தடங்களையும் ஐசோபுரொபைல் ஆல்கஹால் தொட்ட பஞ்சால் துடைத்தேன். எழும்பாமல் கிடந்த ஆர் கீ எழும்பியது. ரெஸ்டோர் கீயை ஓங்கிக் குத்தினால்தான் கேட்கிறது. புதிதாக இருந்தபோதும் அதன் குணம் அதுதான் என்பதால் விட்டுவிட்டேன்.

பெட்டியை வெளுக்க வைக்கலாமா என்று யோசித்தேன். பழைய ஏபிஎஸ் பிளாஸ்டிக்கில் தீப்பிடிக்காமலிருக்க புரோமின் சேர்த்திருப்பார்கள். அதுவும் ஒரு காரணமாகி வெயிலிலும் காலத்திலும் மஞ்சளேறும். ஹைட்ரஜன் பெராக்சைடைப் பூசிப் புற ஊதா ஒளியில் வைத்தால் மஞ்சள் இறங்கும். ஒரு தடவை அமிகா 500 என்ற இன்னொரு பழைய கம்ப்யூட்டருக்குச் செய்தேன். களிம்பைப் பூசி பிளாஸ்டிக் தாளால் சுற்றினேன், சுருக்கம் விழுந்த இடமெல்லாம் திட்டுத் திட்டாக வெளுத்துவிட்டது. இன்றைக்கும் அது தேமல் வந்த கன்றுக்குட்டி மாதிரி அலமாரியில் இருக்கிறது. வெளுத்ததும் நிரந்தரமில்லை, மஞ்சள் திரும்பி வருகிறது. இந்த 64 பிறந்ததே மண் நிறத்தில். சோப்புத் தண்ணீரில் கழுவித் துடைத்ததோடு சரி.

29 மார்ச், சனி

டேட்டாசெட்டின் ரப்பர் பெல்ட் இளகிக் கிடந்தது, மாற்றினேன். கேசட் ஒன்றில் யாரோ பாட்டுப் பதிந்து மூடியிருக்கிறார்கள். இன்னொன்றில் வெறும் இரைச்சல். டேப்பைப் படிக்கிற ஹெட்டின் சாய்வைத் திருகி நேராக்கிப் பார்த்தும் பயனில்லை. பொக்கிஷம் எதுவும் இல்லை, பரவாயில்லை. பதிவு செய்ய எனக்கு ஒரு காலி கேசட் கிடைத்தது.

5 ஏப்ரல், சனி

ஓட வைத்துவிட்டுக் கண்ணாடிக்குள் பூட்டிவைக்கிற ஆட்களை எனக்குப் புரிவதில்லை. ஓடுகிறது என்றால் ஏதாவது செய்யவேண்டுமே. இதற்குத் தமிழ் கற்றுக்கொடுத்தால் என்ன?

64-இன் எழுத்து ஒவ்வொன்றும் எட்டுக்கு எட்டுப் புள்ளிக் கட்டம். ஒரு வரிசைக்கு ஒரு எண், எழுத்துக்கு எட்டு எண். அந்த வடிவங்கள் ரோமில் இருக்கின்றன. ராமுக்கு நகல் எடுத்துவிட்டால் நம் இஷ்டம். நகல் எடுக்கும் முன் இன்டரப்டை, அதாவது கீபோர்டைக் கவனிக்க அடிக்கடி வருகிற குறுக்கீட்டை, நிறுத்த மறந்துவிட்டேன், மெஷின் அப்படியே உறைந்துபோனது. எழுத்து ரோமும் கீபோர்டைக் கவனிக்கிற சிப்களும் ஒரே முகவரியில் குடியிருக்கின்றன. ரோமை முன்னால் கொண்டுவந்த நேரத்தில் இன்டரப்ட் வந்து கதவைத் தட்டினால் ஆள் மாறியிருக்கும். இரண்டாம் தடவை 56334-ஆம் முகவரியில் இன்டரப்டை நிறுத்திவிட்டு 12288-ஆம் முகவரிக்கு நகல் எடுத்தேன். 53272-இல் ஒரு போக் (முகவரியில் நேரே ஒரு எண்ணை எழுதும் கட்டளை), அவ்வளவுதான்.

அகர முதல என்று அ-வில் ஆரம்பித்தேன். அந்தச் சுழி, வயிறு, வலப்பக்கக் கோடு மூன்றும் எட்டுப் புள்ளிக்குள் அடங்க மறுத்தன. நான் வரைந்தது நசுங்கிய நண்டு. ஐ, ண, ஞ எல்லாம் நினைத்தே பார்க்கவேண்டாம், குறைந்தது இரண்டு கட்டம் கேட்கும். சுழியே இல்லாத எழுத்து எது என்று தேடினால் ட வந்து நின்றது. ஒரு நேர்கோடு, ஒரு படுகோடு. பக்கத்திலேயே ப. கொஞ்சம் மடித்தால் ம. மூன்றும் நேர்கோட்டு ஜாதி. இந்த மூன்றை வைத்து என்ன எழுதலாம்? பட்டம்.

ட: 0, 64, 64, 64, 64, 64, 126, 0. அழகாக வந்தது. ம்-மில்தான் சிக்கல். புள்ளியை முதல் வரிசையில் வைத்தால் ம-வின் தோளில் ஒட்டிக்கொண்டு கொம்பு மாதிரி தெரிகிறது. நடுவில் ஒரு வரிசை காலியாக விடவேண்டும். 24, 0, 78, 74, 74, 74, 126, 0. இப்போது ம் மட்டும் மற்றவர்களைவிட ஒரு வரிசை குள்ளம். எல்லா எழுத்தையும் ஒரு வரிசை குறைத்தேன். மெய்யெழுத்தின் புள்ளிக்காக உயிர்மெய்கள் தலையைக் குனிந்துகொண்டன.

ஏ கீயில் ப, பி-யில் ட், சி-யில் ட, டி-யில் ம். இனி ஏபிசிடி என்று தட்டினால் திரையில் பட்டம். ஒரே தொல்லை, மெஷின் ரெடி என்று சொல்லும்போதெல்லாம் ஆங்கில எழுத்துகளுக்கு நடுவே ஒரு ப-வும் ம்-மும் வந்து உட்கார்ந்துகொள்கின்றன.

கேசட்டில் சேமித்தேன். டேட்டாசெட் எல்லாவற்றையும் இரண்டு முறை எழுதிவைக்கும், நம்மைப் பற்றி அதற்கு நன்றாகத் தெரியும் போல.

6 ஏப்ரல், ஞாயிறு

அக்கா மகள் வந்திருந்தாள், இரண்டாம் வகுப்பு. நீலத் திரையைப் பார்த்து விரலால் தடவினாள், நகரவில்லை. "இது உடைஞ்சிருச்சா சித்தி?" என்றாள். கீயைத் தட்டச் சொன்னேன். ஏ. பி. சி. டி. ஒவ்வொன்றாகத் தட்டத் தட்ட வாய்விட்டுப் படித்தாள்.

"ப... ட்... ட... ம். பட்டம்!"

கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்தாள். "வாலு எங்க?"

இ கீ சும்மாதான் இருந்தது. 16, 32, 16, 8, மறுபடி 16, 32, 16, 8. ஒன்றின் கீழ் ஒன்று வைத்தால் நெளிந்து இறங்கும். ம்-முக்கு நேர் கீழே கர்சரைக் கொண்டுபோய் மூன்று கட்டத்துக்கு இழுத்தேன்.

"இன்னும்" என்றாள்.

பட்டம் மேலிருந்து மூன்றாவது வரியில் பறக்கிறது. திரையில் மொத்தம் 25 வரி. ஸ்டூலை அவளுக்குக் கொடுத்துவிட்டு எழுந்துவிட்டேன்.