பொய்க்கால் குதிரை நடை: நடுக்கம் ஒருவழியாக நின்றது

கணினி விளையாட்டுக்கு ஒரு நடை அசைவுப் படம்: எட்டு ஃப்ரேம் (அசைவின் தனித்தனிப் படங்கள்), 96×96 பிக்சல் கட்டம், ஜிம்ப் 3.0 என்கிற படம் வரையும் மென்பொருள். தஞ்சாவூர்ப் பொய்க்கால் குதிரை ராஜா இப்போது ஒழுங்காக நடக்கிறார். போன தடவை ஏற்றுமதி செய்ததில் நையாண்டி மேளத்துக்கு ஆடுகிற மாதிரியே இல்லை, குளிர்ஜுரம் வந்த மாதிரி உதறினார்.

கோளாறு, லேயர்களை ஒன்றுக்கொன்று பொருத்துகிற அலைன் டூலில். அது லேயரின் (ஒரு ஃப்ரேமின் உடம்பு வரைந்திருக்கிற அடுக்கின்) விளிம்பைத்தான் பார்க்கும், உள்ளே இருக்கிற உடம்பைப் பார்க்காது. நான்காம் ஃப்ரேமில் சாட்டை முன்னால் நீள்வதால் லேயர் 7 பிக்சல் அகலமாகிவிடுகிறது. நடுவுக்கு நடு பொருத்தினால் உடம்பு 3 அல்லது 4 பிக்சல் பின்னுக்குப் போகும். அடுத்த ஃப்ரேமில் சாட்டை மடங்கியதும் திரும்ப முன்னால் குதிக்கும். உதறல் அதுதான்.

ஆகவே விளிம்பை மறந்துவிட்டு, குதிரைக் கூடு இடுப்பில் மாட்டுகிற இடத்தில் ஒவ்வொரு ஃப்ரேமிலும் அடையாளத்துக்கு ஒரே ஒரு மெஜந்தா பிக்சல். பென்சிலால் வைக்க வேண்டும். பிரஷ் ஓரத்தை மழுக்கிவிடும். சேணத்தின் மஞ்சள் குமிழ் மேல் வைத்தால் பிறகு அதே மஞ்சளைப் பூசி மறைப்பது சுலபம். அந்தப் புள்ளியைப் பொருத்த x=48, y=50-இல் இரண்டு கைடு (உதவிக்கோடு). இங்கேதான் பலர் சறுக்குவார்கள்: கைடு பிக்சலின் மேல் ஓடாது, இரண்டு பிக்சலுக்கு நடுவே ஓடும். 48-ஆம் பத்தி கைடுக்கு வலப்பக்கம் தொடங்குகிறது. புள்ளி எல்லா ஃப்ரேமிலும் வலப்பக்கமே உட்கார வேண்டும். ஒன்றில் இடம் மாறினாலும் அந்த ஃப்ரேம் விக்கும்.

800% பெரிதாக்கி, மூவ் டூலில் ‘செயலில் உள்ள லேயரை நகர்த்து’ என்பதைத் தேர்ந்து, அம்புக்குறி விசையால் தள்ளுங்கள். அதைத் தேராமல் மவுஸால் இழுத்தால், வெற்றிடத்தில் கை பட்டதும் கீழே இருக்கிற லேயர் நகர்ந்து தொலையும். முடிந்ததும் மேல் லேயரை டிஃபரன்ஸ் முறைக்கு மாற்றினால், பொருந்திய இடமெல்லாம் கறுப்பாகும். குதிரையின் கழுத்து கறுத்தால் போதும். சாட்டை மினுக்கினால் மினுக்கட்டும்.

கட்டைக்கால்கள் தனி லேயர். அவற்றுக்குத் தரைக்கோடு மட்டும்தான் கணக்கு. உடம்புக்கு ஃப்ரேம்தோறும் 0, 1, 2, 1 பிக்சல் என்று ஏற்றம், இரண்டு சுற்று. இடையில் விழுகிற 2 பிக்சல் இடைவெளியைக் கூட்டைச் சுற்றிய துணியே மூடிவிடுகிறது. கரகாட்டக்காரிக்கு இந்தச் சலுகை கிடையாது, அடுத்து வரையப்போவது அவளைத்தான்.

ஊன்றிய கால் ஃப்ரேமுக்கு 4 பிக்சல் பின்னே போகிறது. நொடிக்கு 10 ஃப்ரேம் என்றால், விளையாட்டை உருவாக்கும் மென்பொருளான கோடோவில் வேகம் சரியாக நொடிக்கு 40 பிக்சல். 45 வைத்தால் வரப்பில் வழுக்குகிற மாதிரி தெரியும்.

கடைசியில் எல்லா லேயரையும் பட அளவுக்கு விரிக்க வேண்டும். அதற்குப் பிறகு ‘உள்ளடக்கத்துக்கு வெட்டு’ பக்கம் போகவே கூடாது.

ஏழாம் ஃப்ரேமில் வால் நுனி மட்டும் இன்னும் கட்டத்தின் விளிம்பை முட்டுகிறது. வாலை வெட்டுவதா, கட்டத்தை 104 ஆக்குவதா என்று முடிவாகவில்லை.