ஆரஞ்சுப் பூ வாசத்தில் ஓர் அரையிறுதி

2022ஆம் ஆண்டின் வசந்த காலத்தில் அலுவலக வேலையாக இரண்டு மாதங்கள் ஸ்பெயினின் வலென்சியா நகரில் தங்கியிருந்தேன். அங்கிருந்து சுமார் அறுபது கிலோமீட்டர் வடக்கே வில்லாரியல் என்ற ஊர் இருக்கிறது. மொத்த மக்கள்தொகையே ஏறத்தாழ 50,000தான். அந்த ஊரின் கால்பந்து அணி அப்போது ஐரோப்பாவின் முதல்தரக் கழகப் போட்டியான சாம்பியன்ஸ் லீக்கின் காலிறுதியை எட்டியிருந்தது. எதிரே நிற்பது ஜெர்மனியின் பயர்ன் மியூனிக். கிடைக்கிற ஓய்வு நாட்களையெல்லாம் இந்த அணிக்கே கொடுத்துவிடுவது என்று முடிவு செய்தேன்.

ஆனால் நான் முதலில் பார்த்தது அவர்களுடைய தோல்வியைத்தான். ஏப்ரல் 2, சனிக்கிழமை, வலென்சியா நகரத்துக்குள்ளேயே லெவன்டே அணியின் மைதானத்தில், ஸ்பெயினின் முதல் பிரிவு லீகான லா லிகா ஆட்டம். டிராமில் ஏறினால் வாசலில் இறக்கிவிடுகிறது, டிக்கெட்டும் எளிதாகக் கிடைத்தது. லெவன்டே அந்தப் பருவத்தில் பெரும்பாலும் கடைசி மூன்று இடங்களுக்குள் தத்தளித்துக்கொண்டிருந்த அணி. ஜனவரியில் வில்லாரியல் தன் சொந்த மைதானத்தில் இதே அணியை 5-0 என்று நொறுக்கியிருந்தது. அன்று அந்த லெவன்டே 2-0 என வென்றது. பந்து பெரும்பாலும் வில்லாரியலின் மஞ்சள் சட்டைக்காரர்களின் காலில்தான் இருந்தது, ஆனால் அதை வைத்துக்கொண்டு என்ன செய்வதென்று அவர்களுக்குத் தெரியவில்லை. நான்கு நாள் கழித்து இவர்களா பயர்னை எதிர்கொள்ளப்போகிறார்கள் என்ற பரிதாபத்தோடுதான் அறைக்குத் திரும்பினேன்.

ஏப்ரல் 6 அன்று மதியமே புறநகர் ரயிலில் கிளம்பினேன். நகரத்தின் அடுக்குமாடிகள் முடிந்ததும் இரு பக்கமும் ஆரஞ்சுத் தோப்புகள் தொடங்குகின்றன. ஏப்ரல் என்பது அங்கே ஆரஞ்சு பூக்கும் மாதம். ஒவ்வொரு நிலையத்திலும் கதவு திறக்கும்போது அந்த வாசம் பெட்டிக்குள் ஒரு சுற்றுச் சுற்றிவிட்டுப் போகிறது, நம்மூர் எலுமிச்சைப் பூவின் வாசத்தோடு கொஞ்சம் மல்லிகையைக் கலந்தாற்போல. தோப்புகளுக்கு இடையிடையே நீளமான தொழிற்கூடங்கள் வரத் தொடங்கினால் வில்லாரியலை நெருங்கிவிட்டோம் என்று பொருள். ஸ்பெயினில் செய்யப்படும் டைல்ஸில் மிகப் பெரும்பகுதி இந்தக் கஸ்தெயோன் மாகாணத்திலிருந்து வருவதுதான். கழகத்தின் தலைவர் பெர்னாண்டோ ரோய்க் டைல்ஸ் தொழிலதிபர். 1997இல் அவர் கழகத்தை வாங்கியபோது அது இரண்டாம் பிரிவில் இருந்தது, அதுவரை முதல் பிரிவையே பார்த்ததில்லை. மாட்ரிகால் என்று வழங்கிய மைதானத்துக்கு 2017இல் 'எஸ்டாடியோ டி லா செராமிகா' என்று பெயர் மாற்றினார்கள், பீங்கான் மைதானம். ஒரு நிறுவனத்தின் பெயரைச் சூட்டாமல் ஊரின் தொழிலையே பெயராக வைத்தது எனக்குப் பிடித்திருந்தது.

அந்த மைதானத்தில் அப்போது ஏறத்தாழ 23,500 பேர் உட்காரலாம். கணக்குப் போட்டால் ஊரில் பாதிப் பேருக்கு இடம் உண்டு, எனக்கு இல்லை. பயர்ன் ஆட்டத்துக்கு டிக்கெட் கிடைக்காது என்று தெரிந்தேதான் வந்திருந்தேன். மைதானத்துக்கு மிக அருகில், ஒரு தெரு தள்ளி இருந்த சிறிய மதுக்கடையில் சுவரோரமாக ஒரு நாற்காலி கிடைத்தது. என்னோடு ஒரே மேசையில் இருந்த பெரியவர், அறுபது வருடமாக இந்த அணியைப் பார்ப்பதாகவும், படியேற முடியாமல் முழங்கால் வலிப்பதால் தன் சீட்டைப் பேரனுக்குக் கொடுத்துவிட்டதாகவும் சொன்னார். என் அரைகுறை ஸ்பானிய மொழியைப் பொறுத்துக்கொண்டு, சூரியகாந்தி விதைகளை உடைத்து உடைத்து உமியைத் தரையில் துப்பியபடியே பேசினார்.

ஆட்டம் தொடங்கி எட்டாவது நிமிடம். தொலைக்காட்சியில் வில்லாரியலின் லோ செல்சோ வலது ஓரத்தில் பந்தோடு ஓடிக்கொண்டிருந்தார். அந்தக் கணத்தில் எனக்குப் பின்னாலிருந்த சுவர் அதிர்ந்தது. மைதானத்தின் ஆரவாரம் தெருவைத் தாண்டி எங்கள் மேல் விழுந்துவிட்டது. திரையிலோ பந்து இன்னும் கோலுக்கு அருகில்கூடப் போகவில்லை. நேரலை சில விநாடிகள் தாமதமாக வருகிறது என்பது கடையிலிருந்த எல்லோருக்கும் பழக்கம் போலிருந்தது. முதலில் கையை உயர்த்தி ஒருவரையொருவர் கட்டிக்கொண்டார்கள், பிறகுதான் நிதானமாகத் திரும்பி, பரேஹோ அடித்த பந்தை டாஞ்சுமா லேசாகத் தொட்டு பயர்னின் கோல்கீப்பர் நோயரை ஏமாற்றியதைப் பார்த்தார்கள். நடந்து முடிந்த கோலை இனிமேல் நடக்கப்போவதாகப் பார்ப்பது விசித்திரமான இன்பம்.

அந்தச் சத்தத்தை நம்பி ஒரு முறை ஏமாந்தோம். முதல் பாதி முடியும் தறுவாயில் அதே ஆரவாரம், அதே கட்டிப்பிடிப்பு. ஆனால் கோக்லன் அடித்த அந்தக் கோல் ஆஃப்சைடு என்று தள்ளப்பட்டது. பிற்பாதியில் நோயர் தன் எல்லையை விட்டு வெகுதூரம் வந்து பந்தைத் தவறாகக் கொடுக்க, ஜெரார்ட் மொரேனோ காலியான கோலை நோக்கித் தொலைவிலிருந்து அடித்தபோது எங்களுக்கு முதலில் வந்தது ஒரு நீண்ட பெருமூச்சு. பெரியவர் திரையைப் பார்க்கவே இல்லை. வெளியே போய்விட்டது என்று என்னிடம் சொல்லிவிட்டு இன்னொரு விதையை உடைத்தார். ஆட்டம் 1-0 என்று முடிந்தது.

மூன்று நாள் கழித்து, அத்லெடிக் பில்பாவோவுடன் நடந்த லீக் ஆட்டத்துக்கு எளிதாகவே உள்ளே போக முடிந்தது. இடைவேளையில் வெள்ளித்தாளைப் பிரித்து ஆளுக்கொரு ரொட்டி சாப்பிட்டார்கள். 1-1 டிரா. அந்த ஆட்டத்தைப் பற்றிச் சொல்ல வேறு எதுவும் இல்லை, அதுதான் சங்கதியே. யானையை வேலெறிந்து வீழ்த்தும் இவர்களால் கண்ணெதிரே ஓடும் முயலைப் பிடிக்க முடியவில்லை.

ஏன் என்று இரண்டு மாதமும் யோசித்தேன். முதல் நாள் லெவன்டே மைதானத்தில் நான் கண்டதுதான் விடை என்று இப்போது தோன்றுகிறது. அப்போதைய பயிற்சியாளர் உனாய் எமெரி கட்டிய அணி காத்திருக்கத் தெரிந்த அணி. நான்கு பேர், நான்கு பேராக இரண்டு வரிசைகளை நெருக்கமாக நிறுத்தி, எதிரி முன்னேறி வரும்வரை பொறுத்து, அவன் விட்டுச் செல்லும் வெளியில் பாய்வது அதன் வழி. சாம்பியன்ஸ் லீக்கின் முந்தைய சுற்றில் அவர்கள் எதிர்கொண்ட இத்தாலியின் யூவென்டஸும், பிறகு வந்த பயர்னும் முன்னேறி வந்தே தீர வேண்டிய அணிகள். பிப்ரவரியில் முதல் ஆட்டத்தின் முதல் நிமிடம் முடிவதற்குள்ளேயே விலாஹோவிச் கோல் போட்டும் யூவென்டஸால் 1-1க்கு மேல் போக முடியவில்லை. மார்ச் 16 அன்று டூரினில் 78ஆம் நிமிடம் வரை கோலில்லாமல் காத்திருந்து பிறகு மூன்று கோல்களை அடித்தது வில்லாரியல். ஆனால் நான்கு நாள் கழித்துக் காதிஸில் 1-0 என்று தோற்றது. காதிஸும் லெவன்டேயும் முன்னேறி வருவதில்லை. அவர்களும் காத்திருக்கிறார்கள், பந்தை வில்லாரியலிடமே கொடுத்துவிடுகிறார்கள். இதோடு முக்கியமான கோலடிப்பாளர் ஜெரார்ட் மொரேனோ காயத்தால் அடிக்கடி வெளியே இருந்ததும் சேர்ந்துகொண்டது. உள்நாட்டுக் கோப்பையான கோபா டெல் ரேயிலும் ஜனவரியிலேயே இரண்டாம் பிரிவு அணியான ஸ்போர்ட்டிங் கிஹோனிடம் 2-1 என்று தோற்று வெளியேறியிருந்தார்கள்.

மியூனிக்கில் ஏப்ரல் 12 அன்று நடந்த காலிறுதியின் இரண்டாம் ஆட்டத்தை வலென்சியா அறையில் மடிக்கணினியில் பார்த்தேன். பயர்னின் லெவன்டோவ்ஸ்கி கோல் போட்டு, இரண்டு ஆட்டங்களையும் சேர்த்த கணக்கைச் சமன் செய்தார். 88ஆம் நிமிடத்தில் வில்லாரியலின் மாற்று ஆட்டக்காரராக வந்திருந்த சுக்வேசே, மொரேனோ கொடுத்த பந்தை வலைக்குள் அனுப்பினார்; காலிறுதி அவர்களுக்கே. வில்லாரியலுக்கே போயிருக்க வேண்டும் என்று இன்றுவரை வருத்தம்.

அரையிறுதியில் இங்கிலாந்தின் லிவர்பூல். அவர்களுடைய ஆன்ஃபீல்டு மைதானத்தில் முதல் ஆட்டம், 2-0 தோல்வி. மூன்று நாள் கழித்து, பட்டியலின் அடிமட்டத்தில் கிடந்த அலவேஸிடமும் 2-1 தோல்வி. மே 3, செவ்வாய்க்கிழமை, இரண்டாம் ஆட்டத்துக்கு அதே கடைக்குப் போனேன். பெரியவர் எனக்கும் சேர்த்து இடம் பிடித்து வைத்திருந்தார். அவர் மனம் 2006இல் இருந்தது. அன்றும் இதே மைதானத்தில் சாம்பியன்ஸ் லீக் அரையிறுதி, எதிரே ஆர்சனல்; கடைசி நிமிடங்களில் கிடைத்த பெனால்டியை வில்லாரியலின் ரிக்கெல்மே அடிக்க, ஆர்சனல் கோல்கீப்பர் லேமன் தடுத்துவிட்டார். அது உள்ளே போயிருந்தால் ஆட்டம் கூடுதல் நேரத்துக்குப் போயிருக்கும். அந்த அடியைப் பற்றிப் பேசும்போது பெரியவரின் வலது கால் மேசைக்கடியில் தானாக அசைந்தது.

மூன்றாவது நிமிடத்திலேயே சுவர் அதிர்ந்தது: டியா. இடைவேளைக்குச் சற்று முன்பு மறுபடியும்: கோக்லன், இந்த முறை ஆஃப்சைடு இல்லை. இரண்டு ஆட்டங்களையும் சேர்த்து 2-2. கடைக்காரர் கேட்காமலேயே எல்லா மேசைக்கும் ஒரு சுற்று பீர் வைத்தார். முதல் பாதி முழுவதும் காத்திருக்காமல் முன்னேறி ஆடியிருந்தார்கள். இந்த அணிக்கு இப்படியும் ஆடத் தெரியுமா என்று நான் வியந்துகொண்டிருந்தேன்.

பிற்பாதியில் அறுபது நிமிடம் தாண்டியதும் தெருவிலிருந்து ஒரு சத்தம் வந்தது. சுவரை அதிரவைக்கும் சத்தமில்லை. தொலைவில் ஏதோ ஒரு மூலையிலிருந்து மட்டும் எழுந்த மெல்லிய கூச்சல். விருந்தினர் ரசிகர்கள் உட்காரும் மூலை. திரையில் பந்து இன்னும் லிவர்பூலின் ஃபபீனியோவிடம் வரவில்லை, ஆனால் கடையில் ஒருவரும் பேசவில்லை. பன்னிரண்டு நிமிட இடைவெளிக்குள் அந்தக் கூச்சல் மூன்று முறை வந்தது. ஃபபீனியோ, லூயிஸ் டியாஸ், மானே. மூன்றாவது முறை திரையில் கோல்கீப்பர் ருல்லி தன் பெட்டியை விட்டு நெடுந்தூரம் ஓடி வருவதைப் பார்த்தபோது, அவரைப் போகாதே என்று கத்தக்கூட முடியவில்லை. எங்களுக்கு முடிவு முன்பே தெரிந்திருந்தது. 3-2. ஆட்டம் முடிந்ததும் பதினைந்து நிமிடம் போல மைதானத்திலிருந்து கைதட்டல் வந்துகொண்டே இருந்தது. பெரியவர் அது ஓயும்வரை எழுந்திருக்கவில்லை.

ஊர் திரும்புவதற்கு முந்தைய ஞாயிறு, மே 22, லீகின் கடைசி நாள். ஆட்டம் பார்சிலோனாவின் கேம்ப் நோவில். ஏழாம் இடத்தைத் தக்கவைத்தால் கான்ஃபரன்ஸ் லீக். சாம்பியன்ஸ் லீக் அரையிறுதி ஆடியவர்களுக்கு அது மூன்றாம்தரப் போட்டி, ஆனாலும் ஐரோப்பாவில் இருக்கலாம். கடையில் பத்துப் பேர்கூட இல்லை. அன்று சுவர் அமைதியாக இருந்தது. திரையில் தெரிவது மட்டும்தான் செய்தி. முற்பாதியில் பெத்ராசா கோல் அடித்தபோது, எங்களில் யாருக்கும் அது முன்பே தெரியாது. பெரியவர் திடுக்கிட்டுக் கையிலிருந்த விதைகளைக் கொட்டிவிட்டார். பிற்பாதியில் மோய் கோமெஸ் இன்னொன்று அடிக்க, 2-0. 59 புள்ளிகள், ஏழாம் இடம். லெவன்டேயும் அலவேஸும் இரண்டாம் பிரிவுக்கு இறங்கின.

பெரியவர் குனிந்து விதைகளைப் பொறுக்கினார். நானும் உதவினேன்.