பிராக் நகரில் வானியல் ஆர்வலர்களோடு ஒரு நடை

குழுச் சுற்றுலா என்றாலே எனக்கு ஒவ்வாது. கொடி பிடித்து முன்னே செல்பவரின் பின்னால் ஓடி, நின்ற இடத்திலெல்லாம் படமெடுத்துக்கொண்டு திரும்புவதில் என்ன இருக்கிறது என்று எண்ணுபவன் நான். ஆயினும் செக் தலைநகரான பிராகில், வானியல் ஆர்வலர்களுக்கென்றே வகுக்கப்பட்ட நடைப்பயணம் ஒன்றில் இலையுதிர் காலத்தில் சேர்ந்துகொண்டேன். அந்நகரின் வானியல் வரலாற்றில் பெரும்பகுதி கால்நடையாகவே பார்த்துவிடக்கூடிய தொலைவுக்குள் இருக்கிறது. ஆனால் விளக்கிச் சொல்ல ஆளில்லாவிட்டால் அதில் பாதி கண்ணிலேயே படாது.

பழைய நகரச் சதுக்கத்தில் உள்ள வானியல் கடிகாரத்தை மணிக்கொரு முறை நூற்றுக்கணக்கானோர் அண்ணாந்து பார்க்கிறார்கள்; இயேசுவின் சீடர்களின் பொம்மைகள் சன்னலில் வந்து மறைந்ததும் கலைந்துவிடுகிறார்கள். எங்கள் வழிகாட்டி, பணி ஓய்வு பெற்ற இயற்பியல் ஆசிரியர், கூட்டம் கலையும்வரை வேண்டுமென்றே காத்திருந்துவிட்டுத்தான் பேசத் தொடங்கினார். காடான் ஊரைச் சேர்ந்த மிக்குலாஷ் என்ற கடிகார வினைஞரும் யான் ஷிண்டெல் என்ற வானியல் அறிஞரும் 1410-இல் உருவாக்கிய அந்த முகப்பில் பூமிதான் நடுவில் இருக்கிறது. வெளிவளையத்தின் 24 எண்கள் சூரிய அஸ்தமனத்திலிருந்து மணியைக் கணக்கிடுகின்றன. உள்ளே வளைந்து செல்லும் பொன்னிறக் கோடுகளோ பகற்பொழுதைப் பன்னிரண்டாகப் பகுப்பதால், அவை காட்டும் மணி கோடையில் நீள்கிறது, குளிர்காலத்தில் குறுகுகிறது. உதயத்தையும் அஸ்தமனத்தையும் வைத்துப் பகலை எட்டாகப் பகுத்து இராகுகாலம் பார்க்கும் வீட்டில் வளர்ந்த எனக்கு இது புதிதாகத் தோன்றவில்லை. உடன் வந்த ஐரோப்பியர்களுக்குத்தான் ஒரு மணி நேரம் எப்படி நீளும் என்பது விளங்கச் சற்று நேரம் பிடித்தது. நிலவைக் குறிக்கும் சிறு கோளம் பாதி வெள்ளியும் பாதி கறுப்புமாக இருக்கிறது. அது தன்னைத்தானே மெல்லத் திருப்பிக்கொண்டு வளர்பிறையையும் தேய்பிறையையும் காட்டுவதை, பொம்மைகளைப் பார்க்க வருபவர்களில் எத்தனை பேர் கவனிப்பார்களோ!

சதுக்கத்தின் எதிர்ப்புறம் உள்ள தீன் தேவாலயத்தில் டென்மார்க் வானியல் அறிஞர் டைக்கோ பிராகி அடக்கம் செய்யப்பட்டிருக்கிறார். செந்நிறப் பளிங்குப் பலகையில், கவசம் அணிந்து, ஒரு கையை வான்கோளத்தின்மேல் வைத்தபடி நிற்கும் உருவம் அவருடையது. 1601-இல் அவர் இறந்ததற்கு நஞ்சுதான் காரணம் என்றும், அவருடைய உதவியாளராக இருந்த வானியல் அறிஞர் கெப்ளரே அதைக் கொடுத்திருக்கலாம் என்றும் நெடுநாள் ஐயம் இருந்தது. 2010-இல் எச்சங்களைத் தோண்டி ஆராய்ந்தபோது, உயிரைக் குடிக்கும் அளவுக்குப் பாதரசம் அவற்றில் இல்லை என்று தெரியவந்தது. எங்கள் குழுவில் ஒருவர் இந்தக் கதையையே கிளறிக்கொண்டிருந்தார். எனக்கோ அந்தப் பலகையின் முன்னால் நினைவுக்கு வந்தது வேறொன்று. தொலைநோக்கி வானியலுக்கு வருமுன்பே, வெறுங்கண்ணால் டைக்கோ அளந்து குறித்த செவ்வாயின் இருப்பிடங்களோடு கெப்ளர் தம் வட்டப்பாதைக் கணக்கை ஒப்பிட்டபோது, 8 கலை அளவுக்கு வேறுபாடு விழுந்தது. ஒரு பாகையில் 60 கலைகள். முழுநிலவின் விட்டத்தில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்குதான் அந்த வேறுபாடு. வேறு யாராக இருந்தாலும் அளந்தவரின் கைப்பிழை என்று தள்ளியிருப்பார்கள். டைக்கோவின் அளவீடு அத்தனை தூரம் பிழைபடாது என்பதை அறிந்திருந்த கெப்ளர், அதற்குப் பதிலாக வட்டத்தையே கைவிட்டார். கோள்கள் நீள்வட்டப் பாதையில் செல்கின்றன என்ற அவரது முடிவு 1609-இல் அச்சேறியது. அந்தக் கணக்கைப் போட்ட ஆண்டுகளில் அவர் வாழ்ந்தது இதே பிராகில்தான்.

பழைய இயேசு சபைக் கல்லூரி வளாகமான கிளெமென்டினத்தில் உள்ள வானியல் கோபுரத்தின் படிகள் மிகச் செங்குத்தானவை. முழங்கால் வலி உள்ளவர்கள் யோசித்து ஏறுவது நல்லது. மேலே செல்லும் வழியில் உள்ள இருட்டறைக்குள் சிறு துளை வழியாக விழும் சூரிய ஒளி, அங்குள்ள தென்வடல் கோட்டினைத் தொடும் கணமே நண்பகல். 1842 முதல் அந்தக் கணத்தில் கோபுரத்தின் உச்சியிலிருந்து கொடியசைத்து நகரத்துக்கு நேரம் அறிவித்தார்கள். பிற்காலத்தில் பீரங்கியும் முழங்கியது. வானிலை அளவீடுகள் இங்கே 1775 முதல் நாள் தவறாமல் குறிக்கப்பட்டு வருகின்றன.

மாலையில் பெட்ரீன் குன்றின்மேல் உள்ள ஸ்டெஃபானிக் வானாய்வகத்துக்குச் சென்றோம். பொதுமக்களுக்காக 1928-இல் திறக்கப்பட்ட நிலையம் இது. வரிசையில் நிற்கும்போது புளூட்டோவைப் பற்றிய வாக்குவாதம் மூண்டது. 2006 ஆகஸ்ட் 24 அன்று பன்னாட்டு வானியல் ஒன்றியம் அதைக் கோள்களின் பட்டியலிலிருந்து நீக்கி வாக்களித்ததும் இதே நகரில்தானே! தீர்ப்பு சரியே என்பது என் கட்சி. அதனால் இரண்டு பேரின் முறைப்புக்கு ஆளானேன். தொலைநோக்கியில் நிலவைப் பார்த்தோம். நகர வெளிச்சத்தில் மங்கலான விண்மீன் கூட்டங்களை எதிர்பார்க்க முடியாது. ஒளியும் இருளும் சந்திக்கும் விளிம்பில் பள்ளங்களின் நிழல் மட்டும் கத்தி கொண்டு கீறியதுபோல் தெளிவாகத் தெரிந்தது.

பிராக் ஏறத்தாழ 50 பாகை வடக்கு அட்சரேகையில் இருப்பதால், சூன் மாதத்தில் இரவு முழுமையாக இருட்டுவதே இல்லை. வானத்தையும் பார்த்துவிட்டுத் திரும்ப நினைப்பவர்கள் கோடை விடுமுறைக்குப் பயணச்சீட்டு எடுக்காமல், செப்டம்பருக்குப் பிறகு, வளர்பிறை நாட்களாகப் பார்த்துச் செல்லலாம்.