50 ஹெர்ட்ஸ் இரைச்சல்

2011 ஜனவரியில் திருப்பூர்ச் சாயப்பட்டறைகளை மூடச் சொல்லி உயர் நீதிமன்றம் உத்தரவு போட்டது எங்கள் ஊர்க்காரர்களுக்கு மறக்காது. நெய்து வந்த துணியெல்லாம் சாயம் ஏறாமல் ரோல் ரோலாகக் குடோனில் கிடந்தது. துணி வாங்கும் வெளிநாட்டுப் பையரைச் சமாதானப்படுத்த முதலாளி என்னை ஜெர்மனியின் டுஸ்ஸல்டார்ஃபுக்கு அனுப்பினார். ஆர்டர்களைக் கவனிக்கும் மெர்ச்சண்டைசர் வேலையில் பாதி துணி, பாதி மன்னிப்பு.

ஞாயிற்றுக்கிழமை அங்கே கடை கண்ணி கிடையாது. ரயிலேறிப் பக்கத்தில் இருக்கும் வுப்பர்டாலுக்குப் போனேன். தலைக்கு மேலே தொங்கிக்கொண்டு ஓடும் ரயில் அந்த ஊரில் 1901 முதல் இருக்கிறது. ஆற்றின் மேலேயே போகிறது. ஆனால் நான் போனது ரயிலைப் பார்க்க அல்ல. ஃப்ரீ ஜாஸ் என்கிற கட்டில்லாத இசையை வாசித்த இரண்டு பேர், சாக்ஸபோன்காரர் பீட்டர் ப்ரோட்ஸ்மானும், பாஸ் என்ற கீழ்ச்சுருதித் தந்தி வாத்தியம் வாசித்த பீட்டர் கோவால்டும், வாழ்ந்த ஊர் அது.

பதின்மூன்று வருடம் முன்னால் குவாலிட்டி பார்க்க வந்த பெல்ஜியத்துக்காரர் ஒருவர் கம்பெனிக் காரில் ஒரு கேசட்டை விட்டுவிட்டுப் போனார். போட்டேன். டேப் சிக்கிவிட்டது என்று நினைத்து எஜெக்டை அமுக்கினேன். எடுத்துப் பார்த்தால் டேப் நன்றாகத்தான் இருந்தது. அது ப்ரோட்ஸ்மானின் ‘மெஷின் கன்’. 1968 மே மாதம் பிரேமன் நகரத்தில் எட்டுப் பேர் வாசித்தது: சாக்ஸபோன் மூன்று, பாஸ் இரண்டு, டிரம்ஸ் இரண்டு, ஒரு பியானோ. கம்பெனி எதுவும் இல்லாமல் அவரே 300 பிரதி போட்டு, உறையையும் அவரே வடிவமைத்தார். ஓவியம் படித்தவர். அந்த 300 பேரோடு போயிருக்க வேண்டியது. மறுபதிப்புகள் வந்ததால்தான் அவிநாசி ரோட்டில் ஒரு அம்பாசடருக்குள் எனக்குக் கிடைத்தது.

வீட்டில் போட்டபோது அம்மா கேட்டது: “ஏங் கண்ணு, இன்னும் மேளம் காச்சீட்டேதான் இருக்கறாங்களா? எப்பத்தான் அடிப்பாங்க?” மாரியம்மன் நோம்பியில் கம்பத்தாட்டம் தொடங்கும் முன்னால் தீ மூட்டித் தோலைக் காய்ச்சுவார்கள். ஆளாளுக்கு இரண்டு தட்டு தட்டிப் பார்ப்பார்கள். ஒருவர் அடி இன்னொருவர் அடியில் உரசும், விலகும். அம்மா கிண்டலாகத்தான் சொன்னார். ஆனால் இந்த இசையைப் பற்றி இதைவிடச் சரியாக யாரும் எனக்குச் சொன்னதில்லை. நம் கச்சேரியில் அந்த நேரத்துக் கற்பனையில் வாசிக்கும் மனோதர்மத்துக்கு ராகம், தாளம் என்று வேலி உண்டு. இவர்கள் வேலியைப் பிடுங்கிவிட்டு, பக்கத்து ஆள் என்ன செய்கிறான் என்பதை மட்டும் பார்த்து நடக்கிறவர்கள்.

சரி, வுப்பர்டால். அந்த ஊரும் சாய ஊர்தான். பேயர் கம்பெனி 1863இல் சாயக் கம்பெனியாக அங்கேதான் தொடங்கியது. அங்கே பிறந்த ஏங்கெல்ஸ் 1839இல், 18 வயதில், சாயப்பட்டறைகளால் ஆறு சிவந்து ஓடுவதை எழுதினார். பாலத்தில் நின்று பார்த்தேன். தண்ணீர் தெளிவாக இருந்தது. எங்கள் ஊர் நொய்யல் ஆற்றை நினைத்துக் கொஞ்சம் வயிற்றெரிச்சல்.

அன்று தெருவோரப் பழைய சாமான் சந்தையில் கேசட் பெட்டி ஒன்றைக் கிளறியபோது 90 நிமிட டேப் ஒன்று அகப்பட்டது. அட்டையில் மூன்று முதலெழுத்துகள், 81 என்ற எண், கோணலாக வரைந்த ஒரு சாக்ஸபோன். ஒரு யூரோ.

ஊருக்கு வந்து பார்த்தால் அழுத்தும் பஞ்சு கழன்றிருந்தது; ஓரத்தில் பூஞ்சை. ஸ்குரு போட்ட வேறொரு கூட்டுக்குள் டேப்பை மாற்றி, ஹெட்டின் சாய்வை ஸ்குருடிரைவரால் நூலிழை நூலிழையாகத் திருப்பி, மேல் ஸ்தாயி தெளியும் இடத்தில் நிறுத்தினேன். ஒரு பக்கம் முழுக்க ஒரே வாசிப்பு. சாக்ஸபோன், பாஸ், டிரம்ஸ். கூட ஒரு இருமல், நாற்காலி கிறீச், அடியில் ஓயாத ஒரு ரீங்காரம். இரண்டாம் பாதியில் மற்ற இரண்டும் அடங்கிய பிறகு நாலைந்து நிமிடம் ‘டக்… டக்’ என்று மெலிதாக ஒரு தட்டல் வரும். அந்த டிரம்மரின் அடக்கத்தைப் பற்றி நான் பேசாத ஆள் இல்லை.

இதை இசைத்தட்டாகப் போட வேண்டும் என்ற கிறுக்கு அப்போதே பிடித்துவிட்டது. வாசித்தவர்களைத் தேடவே நாலு வருடம் ஆனது. கடைசியில் பாஸ்காரர் கிடைத்தார், ஓய்வு பெற்ற பள்ளி ஆசிரியர். மற்ற இருவரிடமும் அவரே பேசிச் சம்மதம் வாங்கித் தந்தார். ஒரே நிபந்தனை: பெயர் போடக் கூடாது, வாத்தியம் மட்டும் போடலாம். காரணம் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

நகரத்து ஸ்டுடியோ ஒன்றில் டிஜிட்டலுக்கு மாற்றக் கொடுத்தேன். அவர்கள் அன்பு மிகுதியில் இரைச்சலை முழுக்கத் துடைத்துக் கொடுத்தார்கள். இருமல் இல்லை, ரீங்காரம் இல்லை. வாசித்த அறையே இல்லை. மூன்று பேரும் பஞ்சு மூட்டைக்குள் உட்கார்ந்து வாசித்த மாதிரி இருந்தது. அப்புறம் நானே உட்கார்ந்து மாற்றினேன்.

அப்போதுதான் அந்த ரீங்காரம் என்னவென்று புரிந்தது. பாஸ் ஆம்ப்ளிஃபையரின் கரண்ட் சத்தம். ஜெர்மனியிலும் நம்மைப் போல 50 ஹெர்ட்ஸ் மின்சாரம்தான். கம்ப்யூட்டரில் அளந்தால் என் டேப்பில் அது தொடக்கத்தில் 50.5, முடிவில் 52. பதிவு செய்த டேப் ரெக்கார்டரில் செல் தீரத் தீர மோட்டார் மெதுவாகி இருக்கிறது. மெதுவாகப் பதிந்ததைச் சரியான வேகத்தில் ஓட்டினால் எல்லாம் அவசரமாகக் கேட்கும், சுருதியும் ஏறும். தெரிந்த பாட்டாக இருந்தால் காதே சொல்லிவிடும். இந்த இசையில் எது சரியான சுருதி என்று யாரைக் கேட்பது? ரீங்காரத்தைத்தான். அதை 50இல் நிறுத்தி மொத்தத்தையும் இழுத்துச் சரிசெய்தேன். 43 நிமிடம் 44 ஆனது. சாக்ஸபோன்காரர் மூச்சு வாங்குவது முதல் தடவையாக மனிதர் மூச்சு போலக் கேட்டது.

இசைத்தட்டில் பக்கத்துக்கு 22 நிமிடம் என்றால் நடுவில் வெட்டியாக வேண்டும். மூன்று ராத்திரி யோசித்து, அந்த இருமலில் வெட்டினேன்.

அச்சடித்தது வெளிநாட்டு ஆலை ஒன்றில். சோதனைத் தட்டு வந்தது. இரண்டாம் பக்கத்தில் நடு ஓட்டை தள்ளியிருந்து சுருதி அலைந்தது. எழுதினேன். இந்த மாதிரி இசையில் அது தெரியவா போகிறது என்று பதில் வந்தது! லேப் டிப் என்கிற சாய மாதிரித் துண்டில் ஷேட் அரை நூல் மாறினால் ஆர்டரையே நிறுத்துகிற பையர்களோடு இருபது வருடம் மாரடித்தவன் நான். மூன்றாவது சாம்பிளில்தான் ஓகே சொன்னேன்.

உறை நம்ம ஊரில். பனியனுக்குப் பிரிண்ட் போடும் பட்டறைத் தம்பி, “ஏனுங்ணா, ரெண்டே கலருங்களா? சின்னப் பசங்க பனியனுக்கே ஆறு கலரு போடறமுங்க” என்று சலித்துக்கொண்டார். முதல் அட்டையைப் பழக்கத்தில், பிரிண்டைச் சூட்டில் காயவைக்கும் க்யூரிங் மெஷினில் விட்டு அது அப்பளமாகச் சுருண்டு வந்தது. மற்றதெல்லாம் மொட்டை மாடியில் கொடி கட்டிக் காயப்போட்டோம். உறையில் அந்தக் கோணல் சாக்ஸபோன், 81, மூன்று வாத்தியங்களின் பெயர். உள்ளே ஒரு தாளில் என் குறிப்பு. அதில் ‘டக்… டக்’ பற்றி ஒரு முழுப் பத்தி.

200 பிரதி. 139 போனது, பெரும்பாலும் ஜப்பானுக்கும் ஜெர்மனிக்கும். கோயம்புத்தூரில் இரண்டு.

பாஸ்காரருக்கு ஐந்து அனுப்பியிருந்தேன். இரண்டு மாதம் கழித்துக் கடிதம் வந்தது. வேகம் சரியாக இருக்கிறது என்று எழுதியிருந்தார். அன்றைக்கு நல்ல மழையாம். அறையின் கூரை ஒழுகியதாம். கடைசிப் பகுதியில் டிரம்மர் சிகரெட் பிடிக்க வெளியே போய்விட்டார், நீங்கள் புகழ்ந்திருப்பது ஒழுகலுக்கு வைத்த வாளியை என்று எழுதியிருந்தார்.

கட்டிலுக்கடியில் பனியன் அட்டைப்பெட்டியில் 61 பிரதி மீதி இருந்தது. பட்டறைத் தம்பியிடம் போய்ச் சின்னதாக ஸ்டிக்கர் அடித்து வாங்கி, ஒவ்வொரு உறையிலும் டிரம்ஸுக்குக் கீழே ஒட்டினேன்: வாளி.