மெலிசு முடிக்கு லேயர் பாப்: பார்லரில் என்ன சொல்லணும்

என் முடி எண்ணிக்கையில் குறைவில்லை, இழைதான் ரொம்ப மெலிசு. இந்த மாதிரி முடியை இடுப்பு வரை வளர்த்தாலும் பின்னல் எலிவால்தான், ஏனென்றால் நீளம் கூடக்கூட அந்தக் கனமே முடியை உச்சந்தலையில் படிய வைத்துவிடும், அதோடு சென்னை வியர்வையும் போர் தண்ணீர் உப்பும் சேர்ந்தால் மதியத்துக்குள் மண்டையோடு ஒட்டிக்கொள்ளும். அதனால்தான் தாடைக்குக் கீழே நிற்கிற மாதிரி குட்டையாக வெட்டும் பாப், அதில் கொஞ்சம் லேயர் (முடியை வெவ்வேறு நீளத்தில் அடுக்கடுக்காக வெட்டுவது) என்று முடிவு பண்ணினேன். "அப்போ பூவை எங்கடி வைப்ப?" என்று அம்மா கேட்டார். நியாயமான கேள்விதான், பதில் இல்லை.

லேயர் எவ்வளவு அதிகமோ அவ்வளவு வால்யூம் என்று நினைக்காதீர்கள். மெலிசு முடியில் கண்டபடி லேயர் போட்டால் நுனி சல்லடையாகி, அந்தப் பக்கம் இருப்பது தெரியும். அடிக்கோடு நேராக, ஒரே வெட்டாக இருக்கட்டும், பார்க்க அடர்த்தியாக இருப்பது அதனால்தான். லேயர் பின்மண்டையில் மட்டும் போதும். பிடரியில் குட்டையாக ஆரம்பித்து மேலே போகப்போக நீளத்தைக் கூட்டி அடுக்கச் சொல்லுங்கள், மேல் முடி கீழ் முடிமேல் உட்கார்ந்து தானாகத் தூக்கிக் காட்டும். பல் பல்லாக இருக்கும் கத்தரியைக் கையில் எடுத்தால் உடனே வேண்டாம் என்றுவிடுங்கள், அது அடர்த்தியைக் குறைப்பதற்கு. சுருட்டை கொஞ்சம் இருந்தால் காய்ந்ததும் முடி மேலே ஏறும், அதனால் ஒரு விரல் அகலம் கூடுதலாக விட்டே வெட்டட்டும். போட்டோ காட்டுவதென்றால் முன்பக்கம் மட்டும் காட்டாமல் பின்பக்கமும் பக்கவாட்டும் இருக்கிற மாதிரி காட்டுங்கள்.

நான் போன இடத்தில் ஸ்மூத்தனிங்கும் சேர்த்துச் செய்துகொள்ளச் சொல்லி விடாமல் கேட்டார்கள். வால்யூம் வேண்டும் என்று வந்தவளிடம் முடியைப் படிய வைக்கிற வேலையை விற்கப் பார்த்தால் என்ன சொல்வது!

ப்ளோ டிரையை நம்பியும் இதை வெட்டாதீர்கள். சூட்டில் முடி பிடித்த வடிவம் ஈரக்காற்று பட்டால் கலைந்துவிடும், பெசன்ட் நகர் பீச் பக்கம் ஒரு நடை போனால் தெரியும். 1960களில் லண்டனில் விடால் சஸூன் என்ற சிகை அலங்காரக் கலைஞர் பாப்பைப் பிரபலமாக்கியபோது ரோலர், ஸ்ப்ரே எல்லாம் தேவைப்படாத, கழுவிக் காயவிட்டாலே நிற்கிற வெட்டாகத்தான் கொண்டுவந்தார். நம் ஊருக்கு அதுதான் சரி. குளித்ததும் தலையைக் குனிந்து ஃபேனில் காயவிட்டு வகிடை எதிர்ப்பக்கம் மாற்றினாலே பாதி வேலை முடிந்தது. கண்டிஷனர் நுனிக்கு மட்டும், தேங்காய் எண்ணெய் தலைக்குக் குளிப்பதற்கு முன்னால் மட்டும். ஸ்கூட்டி ஓட்டுபவர்களுக்கு ஹெல்மெட் எல்லாவற்றையும் அமுக்கிவிடும், இறங்கினதும் விரலால் வேரில் கோதி விட வேண்டியதுதான்.

செலவு பின்னால்தான் வருகிறது. முடி மாதம் 1 செ.மீ.க்குக் கொஞ்சம் மேலேயே வளரும், பாப்பில் அது பளிச்சென்று தெரியும். 6 முதல் 8 வாரத்துக்கு ஒரு ட்ரிம் வேண்டும், தள்ளிப்போட்டால் பிடரி முடி காலரில் இடித்து வெளியே திரும்பிக்கொள்ளும். தீபாவளிக்கு முந்தின வாரம் மட்டும் போகாதீர்கள், அந்தக் கூட்டத்தில் யாருக்கும் பொறுமையாக அடுக்கி வெட்ட நேரம் இருக்காது.