கடன் கொப்பி

2008இல் மட்டக்களப்பு ஆரையம்பதியில் ஒரு பலசரக்குக் கடையில் வேலைக்குச் சேர்ந்தபோது எனக்குப் பதினேழு வயது. அப்போது மண்முனைத்துறையில் பாலம் கிடையாது. வாவிக்கு மேற்கே உள்ள படுவான்கரைச் சனம் 'பாதை' என்கிற மிதவைப் படகில் ஏறி வாவியைக் கடந்து வந்து, சாமான் வாங்கிக்கொண்டு வெயில் ஏறுமுன் கிறுகிப் போவார்கள். பாலம் 2014இல்தான் திறந்தது.

முதல் ஆறு மாதமும் சரை சுற்றுவதுதான் என் வேலை. பழைய பேப்பரைச் சதுரமாகக் கிழித்து, கூம்பாக்கி, மல்லியோ சீரகமோ போட்டு வாயை மடித்து நூலால் கட்ட வேண்டும். அப்புறம் கடன் கொப்பி என் கைக்கு வந்தது. அதில் பாதிப் பேருக்குப் பெயரே இருக்காது. 'வேப்பமரத்தடி மாமி', 'மூன்று பொடியன் வீடு' என்றுதான் முதலாளி எழுதியிருப்பார். "மனே, வேளாம்மை வெட்டினாத் தாறன்" என்று சொல்லிவிட்டு ஆச்சிமார் போவார்கள். மாசி, பங்குனியில் பெரும்போகம் வெட்டி நெல் விற்றதும் காசு வரும். வராத வருடமும் உண்டு.

2011 ஜனவரி வெள்ளத்தில்தான் அந்தக் கொப்பியின் பெறுமதி எனக்கு விளங்கியது. மழை விடாமல் அடித்து வயல், வீதி எல்லாம் ஒரே தண்ணீர். ஊர்ப் பொடியன்கள் சேர்ந்து அக்கரைக்கு நிவாரணம் கொண்டுபோக ஆயத்தம் செய்தார்கள். வீட்டுக்கு ஐந்து கிலோ அரிசி, ஒரு கிலோ பருப்பு என்று பட்டியல் போட்டிருந்தார்கள். முதலாளி அதை வாங்கிப் பார்த்தார். ஒன்றும் சொல்லாமல் கொப்பியைக் கொண்டுவந்து பக்கத்தில் விரித்தார்.

"இந்த வீட்டில எட்டுப் பேர், இது மூண்டு நாளைக்கும் காணாது. இந்த ஆச்சி தனிய. அவவுக்கு அரிசி குடுத்து என்ன செய்ய, விறகெல்லாம் நனைஞ்சிருக்கும். பிஸ்கட் போடு. இங்க கைக்குழந்தை, பால்மா வை."

அன்றிரவு விடியும்வரை ஒவ்வொரு வீட்டுக்கும் தனித்தனியாகக் கட்டினோம். நெருப்புப்பெட்டியை இரண்டு சொப்பிங் பேக்கில் சுற்றி, காற்றில்லாமல் முடிச்சுப் போடச் சொன்னார். காலையில் தோணியில் ஏற்றினோம். நானும் போனேன். அந்த ஆச்சி பிஸ்கட்டைத் தள்ளி வைத்துவிட்டு முதலில் நெருப்புப்பெட்டியைத்தான் கையில் எடுத்தா. அதைக் காதருகே வைத்துக் குலுக்கிப் பார்த்தா.

சுனாமி நேரத்திலும் அவர் அரிசி மூடைகளை அப்படியே முகாமுக்கு அனுப்பினவர் என்று ஊரில் சொல்வார்கள். அவர் அதைப் பற்றி என்னிடம் வாய் திறந்ததில்லை. நானும் கேட்கவில்லை.

2022 தான் எனக்கு மிகக் கடினமான வருடம். அதற்கு முதல் வருடம் ரசாயன உர இறக்குமதியைத் தடை செய்ததில் பசளை இல்லாமல் விளைச்சல் விழுந்துவிட்டது. வெட்டினால் தருவோம் என்றவர்களுக்கு வெட்டவே பெரிதாக ஒன்றுமில்லை. அதற்கிடையில் சாமான் விலை கிழமைக்குக் கிழமை ஏறியது. பால்மா வருவதே அருமை. வந்த கொஞ்சத்தை முதலாளி மேசைக்குக் கீழே வைத்து, பிள்ளை உள்ள வீடுகளுக்கு மட்டும் ஒவ்வொரு பக்கெட்டாகக் கொடுத்தார். கையில் காசோடு வந்தவர்களுக்கு இல்லை என்றதும் சண்டை வந்தது. ஒருவர் இன்றுவரை எங்கள் கடைப்பக்கம் வருவதில்லை. அவருடைய கோபம் எனக்கு விளங்குகிறது. ஆனாலும் முதலாளி செய்தது சரி என்றுதான் சொல்வேன்.

இப்போது முதலாளிக்கு நடமாட்டம் குறைவு. கடையை நான் பார்க்கிறேன். போன மாதம் மூன்று பொடியன் வீட்டுத் தாய் வந்து பழைய கணக்கைக் கேட்டா. கொப்பியைத் தேடி எடுத்தேன். 2022இல் எழுதின விலைகள்தான். இப்போதைய விலைக்குக் கணக்குப் பார்க்கச் சொல்லி அவவே நின்றா. உள்ளேயிருந்து முதலாளியின் குரல் வந்தது:

"எழுதினதை மட்டும் எடு, மனே."

அவ காசை எண்ணி வைத்தா. பேனையை என்னிடம் வாங்கி, தன் பக்கத்தின் குறுக்கே தானே கோடு இழுத்தா. அப்புறம் அரைக் கிலோ சீனி கேட்டா.