பந்தை உதைக்கத் தெரிந்த பையனுக்கு அமெரிக்காவிலிருந்து அழைப்பு வந்தால்

என் அக்காள் மகன் தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரிலுள்ள சாட்ஸ்வொர்த்தில் வளர்ந்தவன். பள்ளி ரக்பி அணியில் பந்தை உயரமாகவும் தொலைவாகவும் உதைப்பவன் என்று பெயர் எடுத்தவன். கைப்பேசியில் எடுத்த அவனுடைய காணொளியைப் பார்த்த ஓர் அமெரிக்கக் கல்லூரிப் பயிற்சியாளர், தம் அமெரிக்கக் கால்பந்து (ரக்பியைப் போல முட்டை வடிவப் பந்தில் ஆடுவது) அணிக்கு அவனைப் பரிசீலிப்பதாக மின்னஞ்சல் அனுப்பியதும், அந்த வீட்டில் பேச்சு விமானச் சீட்டு வரைக்கும் போய்விட்டது. எனக்கும் மகிழ்ச்சிதான். ஆனால் டர்பனில் இதுபோன்ற கடிதத்தை எதிர்பார்த்திருக்கும் வேறு பெற்றோரும் இருப்பதால், அந்த ஆட்சேர்ப்பு எப்படி நடக்கிறது என்பதை இங்கே எழுதிவைக்க விரும்புகிறேன்.

முதலாவதாக, பயிற்சியாளர் வாய்மொழியாகத் தரும் வாக்கு எவரையும் கட்டுப்படுத்தாது. ஓர் இடத்துக்குப் பல பையன்களிடம் பேசிவைப்பதும், இன்னும் திறமையான ஒருவன் கிடைத்ததும் முந்தியவனுக்குப் பதில் அனுப்பாமல் விட்டுவிடுவதும் அங்கே நடக்கிற காரியங்கள். அழைத்த பயிற்சியாளரே வேறு கல்லூரிக்குப் போய்விட்டால் பேசியதெல்லாம் முதலிலிருந்து தொடங்க வேண்டியிருக்கும். பல பத்தாண்டுகளாக ஒரு கல்லூரியில் சேர்வதாக உறுதி கூறி மாணவர்கள் கையெழுத்திட்டு வந்த தேசிய ஒப்புதல் கடிதமும் 2024இல் கைவிடப்பட்டுவிட்டது. ஆகவே கையில் வாங்கிப் படிக்க வேண்டியது நிதியுதவி ஒப்பந்தம் ஒன்றைத்தான். அது ஓராண்டுக்கா, முழுப் படிப்புக்கா. தங்குமிடமும் உணவும் அதில் அடங்குமா. முழங்கால் முறிந்தால் மருத்துவச் செலவு யாருடையது என்பதை வரிவரியாகப் பார்க்க வேண்டும். அமெரிக்கக் கல்லூரி விளையாட்டின் மூன்று பிரிவுகளில் கடைசியான மூன்றாம் பிரிவுக் கல்லூரிகள் விளையாட்டுக்காக உதவித்தொகை தருவதே இல்லை என்பதும் இங்கே பலருக்குத் தெரிவதில்லை.

2021 ஜூலையிலிருந்து மாணவ வீரர்கள் தம் பெயரையும் புகழையும் வைத்துப் பணம் ஈட்டலாம். 2025இல் நீதிமன்றம் ஏற்ற உடன்பாட்டின்படி கல்லூரிகளே நேரடியாகப் பணம் தரவும் தொடங்கியுள்ளன. இந்தச் செய்திகளைப் படித்து மனக்கணக்குப் போடுகிறவர்கள், நம் பையன் எஃப்-1 மாணவர் விசாவில் போகிறவன் என்பதையும், அந்த விசா சம்பாதிப்பதற்குக் கடுமையான வரம்பு வைத்திருப்பதையும் மறக்கக் கூடாது. அதோடு, வேறு கல்லூரியில் ஏற்கெனவே விளையாடித் தேறியவர்களை இடமாற்றப் பதிவின் வழியே எடுத்துக்கொள்ளும் வசதி 2018இல் வந்த பின்பு, பள்ளியிலிருந்து நேராக வரும் பையன்களுக்குப் போட்டி கூடியிருக்கிறது.

பதினேழு வயதுப் பையன் இருபத்திரண்டில் எப்படி விளையாடுவான் என்பதை பள்ளி வீரர்களுக்கு நட்சத்திரம் இட்டுத் தரம் சொல்லும் எந்த மதிப்பீட்டாலும் உறுதியாகச் சொல்ல முடியாது. நம் நாட்டிலேயே ரக்பி வீரர் சியா கொலிசி பன்னிரண்டு வயதில் கண்டெடுக்கப்பட்டு, உதவித்தொகையோடு கிரே பள்ளிக்குப் போனார். மகாசோலே மப்பிம்பியோ பெயர் பெற்ற ரக்பிப் பள்ளி எதிலும் படிக்காதவர், இருந்தும் 2019 ரக்பி உலகக் கோப்பை இறுதிப் போட்டியில் இருவரும் ஒரே அணியில் நின்றார்கள். அப்போட்டியில் மப்பிம்பி போட்ட ட்ரைதான் (எதிரணியின் கோட்டுக்கு அப்பால் பந்தைத் தரையில் வைத்து எடுக்கும் புள்ளி), உலகக் கோப்பை இறுதி ஆட்டங்களில் தென்னாப்பிரிக்கா போட்ட முதல் ட்ரை. டர்பனில் வளர்ந்து அமெரிக்கக் கால்பந்தில் உதைப்பாளரான கேரி ஆண்டர்சனை எடுத்துக்கொண்டாலும், அவரைத் தேடி எந்தக் கல்லூரியும் இங்கே வரவில்லை. குடும்பத்தோடு அமெரிக்கா போன பிறகுதான் அவர் அந்தப் பந்தை உதைக்கத் தொடங்கினார். உதைப்பதைக் கண்டவர்கள் வியந்து அழைக்க, சிராக்யூஸ் பல்கலைக்கழகத்தில் விளையாடி, 1982 முதல் 23 பருவங்கள் தொழில்முறைக் களத்தில் நிலைத்து நின்றார்.

அதனால்தான் படிப்பை நான் அழுத்திச் சொல்கிறேன். முதல் பிரிவில் விளையாட அனுமதி பெற, உயர்நிலைப் பள்ளியில் பதினாறு அடிப்படைப் பாடங்களையும் அவற்றில் குறைந்தது 2.3 தரப்புள்ளிச் சராசரியையும் கேட்கிறார்கள். பள்ளி இறுதியான மெட்ரிக் ஆண்டில் வந்து விழித்துக்கொண்டால் விட்ட பாடங்களை ஈடுகட்டுவது கடினம். எட்டாம், ஒன்பதாம் வகுப்பிலேயே கணிதத்தையும் அறிவியலையும் பிடித்துக்கொள்ள வேண்டும். விளையாட முடியாமல் போனாலும் நான்கு ஆண்டுகள் விருப்பத்தோடு படிக்கக்கூடிய கல்லூரியா என்பதையும் பையனிடமே கேட்க வேண்டும். அவன் சொல்லும் பதிலைப் பெரியவர்கள் பொறுமையாகக் கேட்கவும் வேண்டும்.

அந்தப் பயிற்சியாளருக்கு அக்காள் அனுப்பவிருக்கும் பதிலில், உதவித்தொகை எத்தனை ஆண்டுக்கு, காயம்பட்டால் அது தொடருமா, சென்ற ஆண்டு சேர்த்த உதைப்பாளர்களில் எத்தனை பேர் இன்னும் அங்கே படிக்கிறார்கள் என்ற கேள்விகளைச் சேர்த்திருக்கிறோம். எழுத்தில் பதில் வந்த பிறகே விமானச் சீட்டைப் பற்றிப் பேசுவது என்று வீட்டில் முடிவாகியிருக்கிறது.